மருந்தட்டை

நெடுங்கல் ஓடையில் அட்டையே அகப்படவில்லை என்பது எப்சிபாவுக்கு முதல் நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் அதுவே பயத்தைக் கொடுத்தது.

முழங்கால் அளவு தண்ணீரில் குனிந்து நின்று அவள் கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எந்தக் கல்லைத் தூக்கினாலும் அடியில் உயிர் இருந்தது. மணலையும் சருகையும் ஒட்டிக் குழல் கட்டி அதற்குள் குடியிருக்கும் புழுக்கள், தட்டான் குஞ்சுகள், கண்ணாடி மாதிரியான இறால்கள், விரல் நகம் அளவு நண்டுகள். எல்லாவற்றையும் வலையில் வாரி வெள்ளைத் தட்டில் கொட்டுவாள். நீல டார்ச்சை அதன்மேல் அடிப்பாள். பச்சையாக எதுவும் ஒளிராது. பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டுவிட்டு, தட்டை மெல்லச் சாய்த்து அத்தனையையும் ஓடைக்கே திருப்பிக் கொடுப்பாள். கொஞ்சம் தள்ளி அபுதாகிர் தவளை, பாம்பு, ஆமை என்று தன் பங்கைத் தேடிக்கொண்டு வந்தான். இருவரும் ஒரே ஆசிரியரிடம் ஆய்வு செய்தவர்கள். படிக்கிற காலத்திலிருந்தே ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் கண்டுபிடித்துப் பழகியவர்கள்.

தேடச் சொன்னது மாற்றுயிர்க் கட்டுப்பாட்டுத் துறை. ஆய்வகத்தில் மாற்றி அமைக்கப்பட்ட உயிர் ஏதாவது வெளியே தப்பியிருந்தால், அது இருக்கும் நீரையோ நிலத்தையோ அடியோடு சுத்தம் செய்துவிட அந்தத் துறைக்கு அதிகாரம் உண்டு. இங்கே தப்பியிருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது ஓர் அட்டை.

அதன் கதை தோணிமுடி தேயிலை எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். ரத்தம் உறையாத நோயுள்ளவர்களுக்காக ஒரு மருந்து நிறுவனம் உண்டாக்கியது அது. சாதாரண அட்டை கடித்தால் ரத்தம் உறையாமல் வடிந்துகொண்டே இருக்கும். இந்த அட்டையின் எச்சிலை நிறுவனம் தலைகீழாக்கியிருந்தது. அது கடித்தால், ரத்தத்தை உறையவைக்கும் பொருள் உடம்புக்குள் போகும். ஒரு கடி பத்து நாள் தாங்கும். அடையாளத்துக்காக, நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும்படியும் அதைச் செய்திருந்தார்கள். விலை எட்டாத ஊசிக்காக வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்தவர்கள், அட்டையைக் கையில் ஒட்டவிட்டுக்கொண்டு எழுந்து நடந்தார்கள். மலைமேல் இதற்காக ஒரு சோதனை மருத்துவமனை கொஞ்ச காலம் நடந்தது. பிறகு நிறுவனம் கைமாறியது. வாங்கியவர்கள் ஊசி விற்பவர்கள். அட்டைகளை எரிக்கச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் வைத்த பெயர் மட்டும் நின்றுபோனது: மருந்தட்டை.

போன மழைக்காலத்தில் தொழிலாளர் லயன் வீட்டுப் பெண் செல்லக்கிளி, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், கூடையோடு அப்படியே சாய்ந்தாள். மூளையில் ரத்தக்கட்டி. திடமான உடம்பு, ஒரு நோயும் இல்லாதவள். அவளுக்குப் பின் ஒரு மேஸ்திரிக்குக் கால் நரம்பு அடைத்துப் பாதத்தை எடுக்கவேண்டி வந்தது. இருவரும் ஓடையில் துவைத்துக் குளிப்பவர்கள். துறைக்கு அதற்குமேல் சந்தேகிக்கக் காரணம் தேவைப்படவில்லை.

கீழே பாலத்தருகே ஒரு லாரி நிறைய நீலப் பீப்பாய்கள் காத்திருந்தன. அவற்றில் இருந்த நஞ்சை ஊற்றினால் நீருக்குள் மூச்சுவிடும் எதுவும் மிஞ்சாது. அட்டை, இறால், நண்டு, மீன், தலைப்பிரட்டை எல்லாம் போகும். அவற்றைத் தின்று வாழ்கிற தவளையும் தண்ணீர்ப்பாம்பும் பின்னாலேயே போகும். லாரியோடு வந்திருந்த அலுவலர் சுகந்தன் தன்மையான மனிதர். முதல் நாளே எப்சிபாவிடம் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"ஒண்ணு கெடச்சாலும் நான் ஊத்தியாகணும் மேடம். கெடைக்கலைன்னு நீங்க எழுதிக் கொடுத்தா லாரிய திருப்பிக்கிட்டுப் போயிருவேன். எனக்கும் இதுல சந்தோஷம் ஒண்ணும் கெடையாது."

கிடைக்கக்கூடாது என்றுதான் எப்சிபா தேடினாள். வாலிபத்தின் நல்ல வருஷங்களை அவள் இந்த ஓடையில்தான் கழித்திருந்தாள். செங்கால் நண்டு ஒன்று இங்கே இருக்கிறது. வேறெந்த ஓடையிலும் இல்லை. அதை முதன்முதலில் உலகத்துக்குச் சொன்னவள் அவள்.

மருந்தட்டை கிடைக்கவில்லை. சரி. ஆனால் சாதாரண அட்டையும் கிடைக்கவில்லை. மேற்கு மலையின் ஓடை ஒன்றில், மழை முடிந்த கையோடு, காலை வைத்தால் சாக்ஸில் ஏறவேண்டிய அட்டை ஒன்றுகூட இல்லை. நண்டுக்கும் இறாலுக்கும் ஒரு குறையும் இல்லாத நீரில் அட்டை மட்டும் எப்படி இல்லாமல் போகும்? யாரோ பொறுக்கியிருக்கிறார்கள். தாகிரிடம் சொல்ல வாயெடுத்தவள், ஏனோ சொல்லவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் தனியாக ஓடைக்கு வந்தாள். லயன் வீடுகளுக்குக் கீழே, பாறைகள் சூழ்ந்த ஒரு மடுவில், புடவையைத் தொடைவரை செருகிக்கொண்டு ஒரு பெண் அசையாமல் நின்றிருந்தாள். கரையில் மூடிபோட்ட ஊறுகாய்ச் சாடி. அவ்வப்போது குனிந்து, காலில் ஒட்டியதை நகத்தால் நெம்பி எடுத்துச் சாடிக்குள் போட்டாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவள் ஓடப் பார்க்கவில்லை. தண்ணீரிலிருந்து ஏறி வந்து கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

முத்துப்பேச்சியை எப்சிபாவுக்கு முன்பே முகப்பழக்கம் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண். பாலத்தருகே டீக்கடை வைத்திருக்கும் தனிக்கொடியின் அக்கா. தாயும் தகப்பனும் போனபிறகு தம்பியை வளர்த்தவள் என்று கேள்விப்பட்டிருந்தாள். இப்போது அவளுடைய கால்களைத்தான் பார்த்தாள். பாதத்திலிருந்து முழங்கால்வரை மூன்று கோடு சேர்ந்த சின்னச் சின்ன வாய்த்தழும்புகள். சில இன்றைக்குப் பட்டவை. ஒன்றிலும் ரத்தம் வடியவில்லை. காய்ந்து கிடந்தன.

எப்சிபா சாடியைத் தூக்கி நீல டார்ச்சை அடித்தாள். உள்ளே இரண்டு பச்சை நாடாக்கள் நெளிந்தன.

"எத்தனை நாளா அக்கா இது?" என்றாள்.

முத்துப்பேச்சி புடவையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "செல்லக்கிளிய நான்தாங்க குளிப்பாட்டினேன். கெண்டைக்கால்ல கடி இருந்துச்சு. ஒரு பொட்டு ரத்தம் வடிஞ்ச அடையாளம் இல்ல. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, எம் பானையிலேருந்து போனதுன்னு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அந்த மருத்துவமனையில் அவள் துப்புரவு வேலை பார்த்தாள். தனிக்கொடிக்கு அங்கேதான் வைத்தியம். சின்ன வயதிலிருந்து மூட்டுக்குள் ரத்தம் கட்டி, முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கி, ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவன், அட்டை வந்தபிறகு நிமிர்ந்து நடந்தான். கடை போட்டான். மூடுகிற நாளில் அட்டைகளை ஸ்பிரிட்டில் போட்டு எரிக்கச் சொன்னார்கள். ஒரு கைப்பிடியை மட்டும் அவள் மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மண்பானையில் வைத்துக் காப்பாற்றினாள். தண்ணீரை மாற்றும்போதெல்லாம் பழையதைப் பின்கட்டுச் சாக்கடையில் ஊற்றினாள். குஞ்சுகள் நூல் மாதிரி இருக்கும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. சாக்கடை ஓடையில் போய் விழுகிறது.

செல்லக்கிளி செத்த மறுநாளிலிருந்து, வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகுமுன், தினமும் ஓடையில் வந்து நிற்கிறாள். ஒட்டுவதையெல்லாம் எடுக்கிறாள். எது எந்த அட்டை என்று தண்ணீரில் தெரியாது என்பதால் சாதாரண அட்டையையும் விடுவதில்லை.

இத்தனை கடிக்கும் அவளுக்கு எப்படி ஒன்றும் ஆகவில்லை என்று எப்சிபா கேட்டாள்.

"எனக்குப் பாதி நோவுங்க. எங்கம்மா வழியா வந்தது. அவனுக்கு ரத்தம் சுத்தமா உறையாது, எனக்குப் பாதி உறையும்னு அந்த டாக்டர் சொன்னார். மத்தவங்கள கொல்றது என்னைச் சரிக்கட்டுது. அதனால இந்தத் தண்ணியில நிக்கிறதுக்கு என்னைவிட்டா ஆளில்ல."

தம்பிக்குத் தெரியுமா என்றதற்குத் தலையசைத்து மறுத்தாள். மருத்துவமனைக்காரர்கள் ரகசியமாகக் கொடுத்தனுப்புவதாகச் சொல்லிவைத்திருக்கிறாள். செல்லக்கிளி அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தெரிந்தால் அட்டையைத் தொடவே மாட்டான்.

"இப்பல்லாம் ஒண்ணோ ரெண்டோதாங்க வருது. முன்ன சாடி நெறையும். இன்னும் கொஞ்ச நாள் விட்டீங்கன்னா துப்புரவா எடுத்துருவேன்."

அவள் கெஞ்சவில்லை. முதலாளியிடம் வேலை நிலவரம் சொல்வதுபோலச் சொன்னாள். எப்சிபா மடுவின் கரையோரம் போய்க் குனிந்தாள். நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே, ஈர மண்ணில் பதிந்திருந்த கல் ஒன்றைப் புரட்டினாள். அடியில் பஞ்சுபோன்ற சின்னக் கூடு ஒன்று ஒட்டியிருந்தது. அட்டையின் முட்டைக்கூடு. டார்ச் வெளிச்சத்தில் அதற்குள் பச்சைப் புள்ளிகள் மினுங்கின. காலை வைத்து நின்றால் அட்டை வந்து ஒட்டும். கூடு வந்து ஒட்டாது. முத்துப்பேச்சி எத்தனை விடியலில் நின்றாலும் தீராது என்பதற்கு அந்த ஒரு கூடு போதும். எப்சிபாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

அதைக் கட்டைவிரலால் நசுக்கினாள். கையை ஓடையில் கழுவினாள்.

"நான் இல்லைன்னு எழுதிக் கொடுக்கறேன்," என்றாள். "நீங்க தினமும் நில்லுங்க. மாசாமாசம் நானும் வந்து கல்லெல்லாம் பாக்கறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

முத்துப்பேச்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். நன்றி அதில் இருந்ததா, திகைப்பு இருந்ததா, சொல்ல முடியவில்லை. மேட்டில் ஏறித் திரும்பும்போது எப்சிபா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: தனிக்கொடிக்காகத்தான். பாலத்தை அடைவதற்குள் அது பொய் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. அவள் கண்முன் நின்றதெல்லாம் செங்கால் நண்டுகள் பாறையில் ஏறிச் சாவதுதான்.

அன்றைக்குக் கடைசிப் பகுதி பாக்கி. பாலத்துக்குச் சற்று மேலே ஓடை ஆழமாகித் தேங்கும் இடம். தாகிர் காலையிலேயே உற்சாகமாக இருந்தான். கரைப் புதரில் பச்சைக் குழிவிரியன் ஒன்று சுருண்டு கிடந்ததைக் கொக்கியால் தூக்கி அப்புறம் விட்டுவிட்டு, அதற்கு மரியாதையாக வழியனுப்பி வைத்தான். அடுத்து ஆழத்தில் ஆமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை இழுத்துக் கட்டிய சாக்ஸோடு பாசிப் பாறையில் இறங்கிப் பார்த்தான். வழுக்கியது.

"எப்சி, இதைக் கழட்டிடவா? புடிமானமே இல்ல."

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் சொல்லவேண்டும். சொன்னால் அவன் ஏனென்று கேட்பான். மூன்று நாளாக ஒரு அட்டைகூட இல்லை என்று இருவரும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கழட்டிக்கோ," என்றாள். "அட்டைதான் இல்லையே."

அவன் நெடுநேரம் தண்ணீரில் இருந்தான். இடுப்பளவில், மார்பளவில், கையால் பாறை இடுக்குகளைத் துழாவிக்கொண்டு. ஆமை ஒன்றைப் பிடித்துத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். எப்சிபாவும் சிரித்தாள். நாலைந்து தடவை அவனை ஏறிவரச் சொல்ல நினைத்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனம் தள்ளிப்போட்டது. அட்டை இந்த அளவு கீழே வந்திருக்காது என்று தனக்குள் கணக்குப் போட்டாள்.

மத்தியானம் பாலத்துக்கு ஏறியபோது அவன் இடது காலை இழுத்து நடந்தான். மரத்துப்போன மாதிரி இருக்கிறது, குளிர்ந்த தண்ணீரில் ரொம்ப நின்றுவிட்டேன் என்றான். தனிக்கொடி டீ கொண்டுவந்து நீட்டினான். தாகிர் வாங்கினான். தம்ளர் அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. அதைக் குனிந்து பார்த்தவன் என்னவோ சொன்னான், வார்த்தை குழறியது. வாய் ஒரு பக்கம் கோணியது. அடுத்த கணம் மடங்கிச் சரிந்தான்.

கனமான எதையும் தூக்கக்கூடாத உடம்பு தனிக்கொடிக்கு. அவன்தான் முதலில் பாய்ந்து தாகிரைத் தோளில் சாய்த்துச் சுகந்தனின் ஜீப்பில் ஏற்றினான். குழிவிரியனைத் தூக்கிக்கொண்டிருந்ததை லாரிக்காரர்கள் பார்த்திருந்தார்கள். பாம்பு போட்டுருச்சு, பாம்பு போட்டுருச்சு என்ற சத்தம் ஜீப்புக்கு முன்னால் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

டாக்டர் மீனலோசனி வயதானவர், பதற்றப்படுகிறவர் அல்ல. தாகிரின் காலைக் கழுவிப் பார்த்தார். முள் கீறல்கள். அவற்றுக்கு நடுவே கருத்த, காய்ந்த மூன்று கோட்டுத் தழும்புகள், காலிலும் இடுப்பிலும். பரிசோதிக்க ரத்தம் எடுத்தார். குழாயில் இறக்குவதற்குள் சிரிஞ்சிலேயே அது பாகுபோல இறுகத் தொடங்கியது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எப்சிபா பக்கம் திரும்பினார்.

"விரியன் கடிச்சா ரத்தம் உறையக்கூடாது. இது தலைகீழா இருக்கு. அட்டைக் கடியா இருந்தா இந்நேரம் பெட்ஷீட் நனைஞ்சிருக்கணும். கூட இருந்தது நீங்கதான். என்ன நடந்துச்சு?"

கட்டிலின் மறுபக்கம் சுகந்தன் நின்றுகொண்டிருந்தார். வாசலில் தனிக்கொடி, சட்டையெல்லாம் தாகிரின் ஈரத்தோடு.

"நல்லாக் கேட்டுக்கங்க," என்றார் டாக்டர். "பாம்பா இருந்தா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும். அப்ப நான் கட்டியக் கரைக்க ஊசி போட்டா ஆள் இங்கயே முடிஞ்சிருவார். அடைப்பா இருந்தா இப்பவே போட்டாகணும். கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள இந்தப் பக்கம் முழுசும் செத்துரும். உங்களுக்குத் தெரியும்னா சொல்லுங்க. தெரியாதுன்னா வண்டியில ஏத்திவிடறேன்."

தாகிரின் வலது கண் அவளைப் பார்த்தது. இடது கண் பாதி மூடியிருந்தது. அவனுக்கு நினைவு இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் உடனே சொல்லவில்லை. பின்னாளில் எத்தனையோ தடவை அவள் திரும்பிப்போய் நின்றது அந்தச் சிறு இடைவெளியில்தான். ஊசியைப் பற்றியோ தாகிரைப் பற்றியோ நினைத்திருந்தால் மன்னித்துக்கொண்டிருப்பாள். வேறு ஏதாவது சொல்லித் தப்ப முடியுமா என்றுதான் தேடினாள்.

"பாம்பு இல்ல டாக்டர்," என்றாள். "மருந்தட்டை. ஓடையில இருக்கு. எனக்குக் காலையிலயே தெரியும். ஊசி போடுங்க."

டாக்டர் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊசி ஏறியது. ஆம்புலன்ஸ் வந்தது. சுகந்தன் அவளோடு வராந்தாவில் நின்று வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "டாக்டர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்கன்னு என் காதுல பாதிதான் விழுந்துச்சு. ஓடையில இருக்குங்கறது விழுந்துச்சு. மத்தத நான் கேக்கப் போறதில்ல. கேட்டா எழுதணும்."

வாசலில் தனிக்கொடியைக் காணவில்லை.

சாயங்காலம் கீழிருந்து தகவல் வந்தது. உயிருக்குப் பயமில்லை. பேச்சு திரும்பிவிடும் என்கிறார்கள். இடது கையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

மறுநாள் நஞ்சு ஊற்றுமுன் அரைநாள் அவகாசம் கொடுத்தார் சுகந்தன். தூக்கக்கூடியதைத் தூக்கிக்கொள்ளச் சொன்னார். லயன் வீடுகளுக்கு மேலே, சாக்கடை கலக்காத ஊற்றிலிருந்து கேன்களில் தண்ணீர் பிடித்தாள் எப்சிபா. தவளை, தலைப்பிரட்டை, ஆமை, நண்டு என்று ஒவ்வொன்றையும் டார்ச்சில் புரட்டிப் பார்த்துத் தொட்டிகளில் விட்டாள். கொழுந்து பறிக்கிற பெண்கள் சிலர் தாமாகவே வந்து வாளி சுமந்தார்கள். அவர்களில் முத்துப்பேச்சியும் இருந்தாள். காப்பாற்ற முடிந்தது ஒரு கைப்பிடி. கைவிட்டது ஓடை முழுவதும்.

பீப்பாய்களைத் திறந்து கவிழ்த்தார்கள். தண்ணீர் பால்போல வெளுத்து இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு இறால்கள் கரைக்குத் துள்ளின. தட்டான் குஞ்சுகள் சருகுமேல் ஏறி அப்படியே நின்றன. பாறை இடுக்குகளிலிருந்து செங்கால் நண்டுகள் வரிசையாக வெளியே வந்து, வெயிலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. எப்சிபா வலையோடு பின்னாலேயே நடந்து செத்ததை வாரினாள். அது அவள் வேலையில்லை. யாரும் தடுக்கவுமில்லை.

அது முடிந்ததும் சுகந்தன் வந்து அடுத்த வேலையைச் சொன்னார். பழைய மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களின் வீடுகளையும் பார்த்துவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அட்டையை அடையாளம் சொல்ல அவள் கூட வரவேண்டும்.

மூன்றாவதாகப் பார்த்தது முத்துப்பேச்சியின் வீடு. ஒற்றை அறை, பின்னால் சமையற்கட்டு. மண்பானை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குடம், வாளி, தொட்டி, சாக்கடை என்று சுகந்தனின் ஆட்கள் ஒவ்வொன்றாக டார்ச் அடித்தார்கள். முத்துப்பேச்சி அடுப்புப் பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனிக்கொடி அறை நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தகரக் கூரை கொதித்தது. அவன் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தானிட்டு, கழுத்துப் பொத்தானையும் போட்டிருந்தான். பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகியிருந்தான். நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை.

எப்சிபா அவன் நெஞ்சைப் பார்த்தாள். சட்டைப் பைக்குக் கீழே துணி மெல்லப் புடைத்து, ஒரு பக்கமாக நகர்ந்து, அடங்கியது. தோளருகே இன்னொன்று. பானையில் இருந்தது முழுவதும் அவன்மேல் இருந்தது.

நீல வெளிச்சம் சுவரில் இறங்கி, நாற்காலிக் காலைத் தொட்டு, அவன் சட்டைமேல் ஒரு கணம் நின்றது. துணியைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. உடம்புக்கு என்ன என்று சுகந்தன் கேட்டார். குளிர்க்காய்ச்சல் என்று அடுப்பங்கரையிலிருந்து முத்துப்பேச்சி சொன்னாள்.

தனிக்கொடி அக்காவைப் பார்க்கவில்லை. அவன் கண்கள் எப்சிபாமேல் இருந்தன. செல்லக்கிளியின் சாவு எங்கிருந்து வந்தது என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று தெரிந்துகொண்டவனின் கண்கள். இதை அவன் கேட்டுச் செய்யவில்லை, அக்காவுக்காக உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"சார்," என்றான் தனிக்கொடி. "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இந்த வீட்டுத் தண்ணியில எதுவும் இல்ல சார்," என்றாள் எப்சிபா. சத்தமாகவே வந்தது. "பாத்துட்டேன். போகலாம்."

சுகந்தன் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். உதவியாளனிடமிருந்து டார்ச்சை வாங்கி அணைத்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குனிந்து நிலைப்படியைத் தாண்டினார்.

ஜீப்பின் பின்புறம் தொட்டிகளும் மிச்சமிருந்த ஊற்றுத் தண்ணீர்க் கேன்களும் இருந்தன. எப்சிபா ஒரு கேனை இறக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். முத்துப்பேச்சி அதற்குள் தம்பியின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். அவன் அக்காவின் கையைத் தடுக்கவுமில்லை, உதவவுமில்லை. அழுதுகொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் உடனே எடுத்துருங்க. ரெண்டுக்கு மேல கடிச்சா அவருக்கும் ஆபத்து," என்றாள் எப்சிபா. கேனை வாசலுக்கு உள்ளே வைத்தாள். "குழாய்த் தண்ணியில மருந்து கலந்திருக்கு, அதுல விட்டா செத்துரும். இத ஊத்துங்க. மாத்துற தண்ணிய ஒரு சொட்டுகூடக் கீழ விடாதீங்க. அந்தப் பழைய தண்ணியக் கொதிக்க வச்சு, ஆறவச்சு, அப்புறம்தான் சாக்கடையில ஊத்துங்க."

முத்துப்பேச்சி தலையாட்டினாள். "அந்த சாருக்குக் கை?" என்று கேட்டாள்.

"இன்னும் வரலை."

முத்துப்பேச்சி கேனைத் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே ஹாரன் ஒலித்தது. அவள் குனிந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பானையருகே கொண்டுபோனாள்.

எப்சிபா ஜீப்பில் ஏறித் தலைப்பிரட்டைத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். சுகந்தன் உட்காருமுன் பின்பக்கம் போய், கேன்களைக் கயிற்றால் கட்டினார். ஒருமுறை எண்ணினார். மறுபடி எண்ணினார். அந்த வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணு வழியில சிந்திருச்சு போல," என்று தனக்குள் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, வந்து வண்டியைக் கிளப்பினார்.